கனரக லாரி ஓடும் சாலைக்குப் பாலிமர் தார்

ஆஸ்திரேலிய நெடுஞ்சாலைகளில் தார் தெளித்து ஜல்லி தூவும்போது, கனரக லாரிகள் ஓடும் இடமென்றால் நான் வெறும் தாரை நம்ப மாட்டேன். வளைவிலும் சந்திப்பிலும் டயர் ஜல்லியைப் பிடுங்கிவிடும். அங்கே எஸ்10ஈ என்ற தார் வகை மாதிரி, எஸ்பிஎஸ் (ரப்பர் போல இழுபடும் ஒரு பாலிமர்) கலந்த தார் போடுங்கள். பழைய பரப்பில் விரிசல் இருந்தால் டயர் ரப்பர் தூள் கலந்த எஸ்45ஆர் வகைத் தார் நல்லது.

ஆனால் இந்தக் கலப்புத் தார் கெட்டியான சரக்கு, ஜல்லியில் லேசில் ஒட்டாது. அதனால் ஜல்லிக்கு முன்பூச்சு (தூவுமுன் ஒட்டுவதற்காகப் பூசும் மெல்லிய பூச்சு) கட்டாயம். தூசு படிந்த லோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள். சாலைப் பரப்பு 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் தெளிக்காதீர்கள், மேலாளர் என்ன முறைத்தாலும் சரி. தெளிப்பானுக்குப் பின்னாலேயே ஜல்லி லாரி, அப்புறம் உடனே டயர் ரோலர். டேங்கில் அதிகச் சூட்டில் நாள்கணக்கில் வைத்தால் பாலிமர் சிதைந்துவிடும். சாலையைப் போக்குவரத்துக்குத் திறந்தபின் வண்டிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தி, உதிரி ஜல்லியைப் பெருக்கி எடுங்கள்.