மின்னஞ்சலில் வரும் ஆவணக் கோப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014-ஆம் ஆண்டில் வங்கிக் கணக்கு விவரங்களைத் திருடும் தீம்பொருளாக முதன்முதலில் கண்டறியப்பட்ட எமோடெட், சில ஆண்டுகளுக்குள் வேறு குற்றக் குழுக்களின் தீம்பொருள்களையும் கணினிகளுக்குள் கொண்டுசேர்க்கும் கூலி வாகனமாக மாறியது. 2019-இல் ஜெர்மனியின் பெர்லின் மாநில உயர் நீதிமன்றம் அதன் தாக்குதலுக்கு உள்ளாகி, தன் கணினிகளை வலையமைப்பிலிருந்து துண்டிக்க நேர்ந்தது. எமோடெட் பெரும்பாலும் பரவியது மின்னஞ்சலில் இணைக்கப்பட்ட சாதாரண வேர்டு, எக்ஸெல் கோப்புகள் வழியாகத்தான். அவற்றைத் திறந்தவர்கள் எல்லாரும் கவனமற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நியாயமாகத் தோன்றும் சில நம்பிக்கைகளே அவர்களைத் தவறவைத்தன.

அவற்றில் முதலாவது, அனுப்பியவர் தெரிந்தவர் என்பதால் கோப்பும் பாதுகாப்பானது என்று நம்புவது. எமோடெட் தான் நுழைந்த கணினியிலிருந்து பழைய மின்னஞ்சல் உரையாடல்களைத் திருடி, அவற்றுக்குப் பதில் எழுதுவதுபோலவே புதிய மடல்களை அனுப்பியது. பெறுபவர் கண்ணில் படுவது பழைய தலைப்பு, தெரிந்த பெயர், கீழே தாமே முன்பு எழுதிய வரிகள். எழுத்துப்பிழை மலிந்த மடலே மோசடி மடல் என்ற பழைய பாடம் இங்கே உதவாது. பெயருக்குப் பின்னால் இருக்கும் முழு முகவரியைப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அனுப்பியவரின் கணக்கே களவு போயிருந்தால் முகவரியும் சரியாகவே இருக்கும். ஆகவே, எதிர்பாராத கோப்பு ஒன்று வந்தால், அந்த மடலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அழைத்துக் கேட்டுவிட வேண்டும்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, கோப்பு சொல்வதற்குக் கீழ்ப்படிவது. இணையத்திலிருந்து வந்த ஆவணத்தை வேர்டு முதலில் பாதுகாக்கப்பட்ட நிலையில், மேலே மஞ்சள் பட்டை ஒன்றுடன் திறக்கிறது. தாக்குபவர்கள் ஆவணத்துக்குள் ஒரு படத்தை வைத்து, இது பழைய பதிப்பில் உருவாக்கப்பட்டது, படிப்பதற்கு 'எனேபிள் எடிட்டிங்', 'எனேபிள் கன்டென்ட்' என்ற பொத்தான்களை அழுத்தவும் என்று மைக்ரோசாஃப்டே சொல்வதுபோல எழுதிவைக்கிறார்கள். இரண்டாவது பொத்தானை அழுத்தியதும் ஆவணத்தில் ஒளிந்திருக்கும் மேக்ரோ என்ற சிறு நிரல் இயங்கத் தொடங்கி, பெரும்பாலும் விண்டோஸில் கட்டளைகளை இயக்கும் பவர்ஷெல் என்ற கருவி வழியாக, உண்மையான தீம்பொருளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. ஒரு கடிதத்தையோ விலைப்பட்டியலையோ படிக்க மேக்ரோ எதற்கும் தேவையில்லை. படிப்பதற்காகவே அதை இயக்கச் சொல்லும் ஆவணத்தை அந்தக் கணமே மூடிவிடலாம்.

இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை 2022-இல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் திரும்பிவந்த எமோடெட், எக்ஸெல் கோப்பை 'டெம்ப்ளேட்ஸ்' கோப்புறைக்குள் நகலெடுத்துத் திறக்கும்படி கேட்டது. அந்தக் கோப்புறையை, வேர்டும் எக்ஸெலும் அடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் நம்பகமான இடமாகக் கருதுவதால் அங்கே தடை செல்லாது. தடைகள் எவ்வளவு வளர்ந்தாலும், அவற்றை விலக்கும் வேலையைத் தாக்குபவர்கள் நம் கையாலேயே செய்விக்கப் பார்க்கிறார்கள்.

மேக்ரோ இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்பதும் தவறான முடிவே. 2022 மே மாதம் வெளியே தெரியவந்த ஃபோலினா என்ற குறைபாடு மேக்ரோ ஏதுமின்றி வேர்டு ஆவணத்தின் வழியாகவே தீய கட்டளைகளை இயக்கியது. ஆஃபிஸின் சமன்பாட்டுக் கருவியில் இருந்த ஓட்டைக்கு 2017 நவம்பரிலேயே திருத்தம் வந்துவிட்டது, ஆனாலும் புதுப்பிப்பைத் தள்ளிப்போட்டவர்களின் கணினிகளைக் குறிவைத்து அது பல ஆண்டுகள் பயன்படுத்தப்பட்டது. 2023-இன் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் குறிப்பெடுக்கும் செயலியான ஒன்நோட்டின் கோப்புகளும் இந்த வேலைக்கு வந்தன. எனவே ஆஃபிஸ், விண்டோஸ் இரண்டின் புதுப்பிப்புகளையும் நாளை என்று ஒத்திவைக்கக் கூடாது.

கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்பைக் கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணுவோர் உண்டு. கடவுச்சொல்லும் அதே மடலில் எழுதப்பட்டிருந்தால், மின்னஞ்சல் வழங்கியில் உள்ள நச்சுநிரல் தடுப்பான் உள்ளே பார்க்க முடியாதபடி செய்வதே அந்தப் பூட்டின் நோக்கமாக இருக்கக்கூடும்.

பொத்தானை அழுத்திவிட்ட பிறகு, பயத்தினாலோ வெட்கத்தினாலோ மடலை அழித்துவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் மிகுந்த இழப்பைத் தருகிறது. எமோடெட் உள்ளே வந்ததும் சேமித்த கடவுச்சொற்களைத் திருடுகிறது, அதே வலையமைப்பின் பிற கணினிகளுக்கும் பரவ முயல்கிறது; கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரியூக் போன்ற பணயத் தீம்பொருள்கள் பல இடங்களில் அதன் பின்னாலேயே வந்தன. அழுத்தியவரை அலுவலகம் கடிந்துகொண்டால் அடுத்தவர் மறைக்கத்தான் செய்வார் என்பதை நிர்வாகிகள் உணர வேண்டும். செய்ய வேண்டியது, உடனே வலைக்கம்பியையும் வைஃபையையும் துண்டித்து, மடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு, கணினிப் பிரிவினரிடம் நடந்ததை அப்படியே சொல்வது. பிறகு வேறொரு சாதனத்திலிருந்து மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். அண்மையில் கடிதத் தொடர்பில் இருந்தவர்களுக்கும் தொலைபேசியில் தெரிவித்துவிட வேண்டும், ஏனெனில் அடுத்த மடல் அவர்களுக்கு நம் பெயரில்தான் போகும்.