நேர்காணலுக்கு முன் வாய்க்குப் பழக்கம் வேண்டும்

வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையின் மறுபக்கத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவள் நான். சிங்கப்பூரின் ஜூரோங்கிலும் துவாஸிலும் கிடங்குகள் வைத்திருந்த ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் மனிதவள அதிகாரியாக இருந்தேன். எதிரே உட்காருகிறவரின் கை நடுங்கினாலோ, முதல் வாக்கியத்தில் நாக்குக் குழறினாலோ அதற்காக நாங்கள் யாரையும் ஒதுக்கியதில்லை. நடுக்கம் எல்லாருக்கும் வரும். மேலாளர் பதவிக்கு வந்தவர்களிடமும் பார்த்திருக்கிறேன். எங்களுக்குத் தயக்கம் வந்த இடம் வேறு. "இதுவரை என்ன வேலை செய்தீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டால், பத்து ஆண்டு உழைத்த மனிதர் இரண்டு வரியில் முடித்துவிட்டு மேசையைப் பார்ப்பார். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு அவருக்காக நான் மேலதிகாரியிடம் எப்படி வாதாடுவது?

இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஈசூனில் எங்கள் புளோக்கிலும் அக்கம்பக்கத்திலும் நேர்காணலுக்குப் போகிறவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். தைரியமாகத் தெரிய என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. எப்படி உட்காருவது, எங்கே பார்ப்பது என்று நான் சொல்லித்தருவேன் என எதிர்பார்க்கிறார்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் சொல்வதற்கு விஷயமும் அதைச் சொல்லிப் பழகிய வாயும் இருந்துவிட்டால் உடம்பு பாதி வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆகவே விஷயத்திலிருந்து தொடங்குவோம்.

வேலை விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கேட்டிருக்கும் பொறுப்புகளை ஒவ்வொன்றாகக் கோடிடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே, அப்படி ஒன்றை நீங்கள் செய்த சம்பவத்தை எழுதுங்கள். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். "என்னிடம் அப்படி ஒன்றும் இல்லையே" என்பார்கள். இருக்கும். தோண்டி எடுக்க வேண்டும்.

எதிர் புளோக்கில் ஒரு தம்பி இருக்கிறார். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்துவிட்டுக் கிடங்கு உதவியாளராக வேலை பார்த்தவர். சரக்கு இருப்பைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு அவருக்கு அழைப்பு வந்திருந்தது. சமையலறை மேசையில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"முன்பு இருந்த இடத்தில் என்ன செய்தாய் தம்பி?"

"சாமான் இறக்குவோம், ஏற்றுவோம், கணக்கெடுப்போம் ஆன்டி. எல்லாரும் செய்கிற வேலைதான்."

"கணக்கு எப்போதாவது உதைத்ததா?"

"உதைத்தது. மாதக் கடைசியில் எண்ணினால் ஒரு சாமான் குறையும், இன்னொன்று கூடும். எப்போதும் அதே இரண்டு."

"அப்புறம்?"

"போய்ப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே நிறம். பொருள் எண்ணில் கடைசி எழுத்து மட்டும் வேறு. ஒன்றுக்குச் சிவப்பு டேப் ஒட்டினேன், இரவு ஷிஃப்ட் ஆட்களிடமும் சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு கணக்கு சரியாக வந்தது. சின்ன விஷயம் ஆன்டி."

கிடங்குத் தொழிலில் இது சின்ன விஷயமே இல்லை. தவறான பெட்டி கப்பலேறினால் திருப்பி வரவழைக்கும் செலவு, வாடிக்கையாளரின் கோபம், மறுபடி எண்ணும் மிகைநேர வேலை எல்லாம் சேர்ந்து வரும். யாரும் கேட்காமலேயே தவற்றின் காரணத்தைத் தேடிப் போனவர் இந்தத் தம்பி. சரக்கு இருப்பைப் பார்த்துக்கொள்ள எந்த நிறுவனமும் தேடுவது இப்படிப்பட்ட ஆளைத்தான். ஆனால் அவர் எழுதிவைத்திருந்த தன்விவரக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்" என்று மட்டும் இருந்தது.

நம் வீடுகளில் தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது அழகில்லை என்று சொல்லி வளர்க்கிறார்கள். நல்ல வளர்ப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நேர்காணலில் அது செய்த வேலையையே மறைத்துவிடுகிறது. கடின உழைப்பாளி என்று சொல்லிக்கொள்வது புகழ்ச்சி. அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பெட்டிகள் ஒரே மாதிரி இருந்தன, டேப் ஒட்டினேன், கணக்கு சரியானது என்பது நடந்த செய்தி. செய்தி சொல்வதில் கர்வம் ஏதும் இல்லை. கூட்டாகச் செய்த வேலையாக இருந்தால் கூட இருந்தவர்களையும் சொல்லுங்கள், ஆனால் உங்கள் கையால் நடந்தது எது என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். கேட்பவர் அந்தக் குழுவை வேலைக்கு எடுக்கப் போவதில்லை, உங்களைத்தான் எடுக்கப் போகிறார்.

சம்பவத்தை எந்த வரிசையில் சொல்வது என்பதற்குப் பயிற்சி வகுப்புகளில் 'ஸ்டார்' என்றொரு முறை சொல்லித்தருகிறார்கள்: நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு. நல்ல முறை. முதல் இரண்டையும் இரண்டு மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். பலர் நிலைமையை விவரித்தே களைத்துப்போய், தாங்கள் செய்ததை ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறார்கள். மொத்தம் ஒன்றரை நிமிடம் பேசினால் அதில் பெரும்பங்கு மூன்றாவதற்குப் போக வேண்டும். ஐந்தாறு சம்பவங்கள் கையில் இருந்தால் எந்தக் கேள்வியையும் சமாளிக்கலாம், ஒரே சம்பவம் இரண்டு மூன்று கேள்விக்குப் பொருந்தும்.

சம்பளம் வாங்கிய வேலையில்தான் தேட வேண்டும் என்பதில்லை. ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையின் இரண்டு ஆண்டுகளைச் சில தம்பிகள் வீணாய்ப்போன காலம்போலத் தாண்டிவிடுகிறார்கள். தளவாடக் கணக்கு பார்த்தது, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது எல்லாம் அங்கேதான் இருக்கும். தைப்பூசத்தன்று டேங்க் ரோடு கோயிலில் அன்னதான வரிசையைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண், வாடிக்கையாளர் சேவை வேலைக்கு அதையே சம்பவமாகச் சொன்னார். கைக்குழந்தையோடு வந்தவர்களையும் முதியவர்களையும் தனி வரிசைக்கு மாற்றியது அவருடைய யோசனை. அந்த வேலை அவருக்குக் கிடைத்தது.

இனி வாய். மனத்துக்குள் நூறு முறை ஓட்டிப் பார்த்த பதிலை வாய் ஒரு முறைகூடச் சொல்லியிருக்காது. அறைக்குள் அது முதல் முறை வெளியே வரும்போதுதான் திக்குகிறது. அதிலும் நம்மில் பலர் வீட்டில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று வாழ்கிறவர்கள். நினைப்பது ஒரு மொழி, சொல்வது இன்னொரு மொழி. ஆகவே சத்தமாக, ஆங்கிலத்தில், சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும். வீட்டில் கூச்சமாக இருந்தால் இரவு உணவுக்குப் பிறகு புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்துகொண்டே பேசுங்கள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டால் தொலைபேசியில் பேசுகிறார் என்று எல்லாரும் அவரவர் வழியில் போய்விடுவார்கள். பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். உங்கள் குரலைக் கேட்க முதலில் சங்கடமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது வேகத்தைக் கவனியுங்கள். பதற்றத்தில் நாம் வேகமாகப் பேசிவிடுகிறோம், எண்களும் நிறுவனப் பெயர்களும் கேட்பவருக்குப் பிடிபடாமல் போய்விடுகின்றன. அந்த இடங்களில் மட்டும் நிதானம் போதும். வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் தொண்டைக்குள் விழுங்கப்படுகின்றனவா என்றும் பாருங்கள். உச்சரிப்பை மாற்றி வெள்ளைக்காரரைப்போலப் பேச முயலவே வேண்டாம். சிங்கப்பூர் அலுவலகத்தில் உங்களைக் கேள்வி கேட்கும் மூவருக்கும் மூன்று விதமான உச்சரிப்பு இருக்கும். தெளிவு இருந்தால் யாருக்கும் குறை தோன்றாது. சொல்லுக்குச் சொல் மனப்பாடமும் வேண்டாம். ஒரு வரி மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். சம்பவத்தின் நான்கு நிலைகள் நினைவில் இருக்கட்டும், சொற்கள் ஒவ்வொரு முறையும் மாறட்டும்.

உங்களுக்குப் பயம் தரும் கேள்வி எதுவோ அதற்கு மட்டும் பதிலை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பேட்டையில் ஒரு சகோதரி, பக்கவாதம் வந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள நான்கு ஆண்டு வீட்டில் இருந்தவர். அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்டதும் மன்னிப்புக் கேட்பதுபோலப் பேசத் தொடங்கிவிடுவார். மூன்று வாக்கியமாகச் சுருக்கினோம்: "குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்க நான்கு ஆண்டு விலகியிருந்தேன். இப்போது அந்தப் பொறுப்பு இல்லை. சென்ற ஆண்டு கணக்கியல் மென்பொருள் வகுப்பு முடித்தேன், முழுநேர வேலைக்குத் தயார்." அதோடு நிறுத்திவிட வேண்டும். ஆட்குறைப்பில் வேலை இழந்திருந்தாலும் இப்படித்தான்: பிரிவை மூடினார்கள், என் வேலையும் அதில் போனது என்று நேராகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பழைய முதலாளியைப் பற்றிக் கசப்பாக ஒரு சொல்லும் வேண்டாம்.

திருமணம், குழந்தை, கர்ப்பம் பற்றிக் கேட்டால் திகைத்துப்போகாதீர்கள். வேலைக்குத் தொடர்பில்லாத சொந்தக் கேள்விகளை முதலாளிகள் தவிர்க்க வேண்டும் என்று அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த டாஃபெப் அமைப்பு வலியுறுத்துகிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டமும் வயது, இனம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு போன்றவற்றின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆனால் அறைக்குள் சட்டம் பேசி மல்லுக்கு நிற்க வேண்டாம். "இந்த வேலையின் நேரமும் ஷிஃப்டும் எனக்கு ஒத்துவரும்" என்று வேலைக்குத் திருப்பிவிடுங்கள். சம்பளக் கேள்விக்கு, மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்னும் அரசாங்க வேலைத் தளத்தில் அதே போன்ற வேலைகளுக்குப் போட்டிருக்கும் சம்பள வரம்பைப் பார்த்துவிட்டு, இத்தனை வெள்ளியிலிருந்து இத்தனை வெள்ளிவரை என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு குறைத்துக்கொள்ளத் தயார் என்று நீங்களே முந்திக்கொள்ளாதீர்கள்.

அன்றைய நாளுக்கான ஏற்பாடு. புத்தாடையை அன்றைக்கென்று முதன்முதலாக உடுத்த வேண்டாம். ஒரு நாள் அணிந்து உட்கார்ந்து எழுந்து பாருங்கள். வெளியே வெயிலில் வியர்த்துவிட்டு உள்ளே குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்தால் ஈரச் சட்டை முதுகில் ஒட்டி உடம்பு சில்லிட்டுப் போகும், அந்த நடுக்கத்தைப் பயம் என்று நீங்களே எண்ணிக்கொள்வீர்கள். அதனால் அரை மணி நேரம் முன்னதாகவே அந்த வட்டாரத்துக்குப் போய்விடுங்கள். பக்கத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்து வியர்வை அடங்கட்டும். பத்து நிமிடம் இருக்கும்போது அலுவலகத்துக்குள் போனால் போதும். காலை நேரத்தில் 'சுமத்ரா' காற்றோடு வரும் மழை குடைக்கும் அடங்காது, மாற்றுச் சட்டையும் காலுறையும் பையில் இருக்கட்டும். துவாஸ் பக்கம் என்றால் துவாஸ் லிங்க் நிலையத்தில் இறங்கிய பிறகு பஸ்ஸும் பிடிக்க வேண்டியிருக்கலாம்; முதல் நாளே ஒரு முறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. நுழைவுச் சீட்டு வாங்க அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

உள்ளே கூப்பிடும்முன் நெஞ்சு படபடக்கும். "அமைதி, அமைதி" என்று அதை அடக்கப் பார்ப்பதைவிட, "எனக்கு ஆர்வமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொள்வது உதவும். ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் உட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கு முன் அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கழிவறையில் இடுப்பில் கைவைத்து அகல நின்றால் உடம்பில் வீரம் ஊறும் என்று 2010இல் வந்த ஆய்வைப் பலர் இன்னும் நம்புகிறார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் ஹார்மோன் மாற்றம் எதுவும் தென்படவில்லை. அதை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே அந்த விளைவில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று 2016இல் அறிவித்துவிட்டார். அந்த நேரத்தில் மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், முதல் சம்பவத்தின் முதல் வாக்கியத்தை ஒரு முறை முணுமுணுத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் உங்கள் பெயரை நிதானமாகச் சொல்லுங்கள். அடையாள அட்டையில் எஸ்/ஓ, டி/ஓ (இன்னாரின் மகன், இன்னாரின் மகள்) இருப்பதால் அப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்துவிடுவார்கள். சிரித்த முகத்தோடு உடனே திருத்திவிடுங்கள். கடைசிவரை அப்பாவின் பெயருக்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். அதே மரியாதையை அவர்களுக்கும் கொடுங்கள்: சீனர் பெயரில் பெரும்பாலும் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். பெயரைச் சொல்லியே அழைக்கச் சொன்னால் அப்படியே அழையுங்கள், வாக்கியத்துக்கு வாக்கியம் சார், மேடம் வேண்டியதில்லை. மலாய்ப் பெண் அதிகாரி என்றால் கை குலுக்க அவர் கை நீட்டும்வரை காத்திருங்கள். அவர் நெஞ்சில் கை வைத்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். மூவரில் ஒருவர் தமிழர் என்று தெரிந்தாலும் அவராகத் தொடங்காமல் தமிழுக்கு மாறாதீர்கள், மற்ற இருவரும் வெளியே நிற்பதுபோல ஆகிவிடும். பதில் தெரியாவிட்டால், "இதை நான் செய்ததில்லை, இதற்கு நெருக்கமாக ஒன்று செய்திருக்கிறேன்" என்று உங்கள் சம்பவத்துக்கு வாருங்கள். யோசிக்க சில விநாடி எடுத்துக்கொள்வது உங்களுக்கு நீளமாகத் தோன்றும், எதிரே இருப்பவருக்குத் தோன்றாது.

காணொளி நேர்காணல் என்றால் வீட்டுச் சத்தத்தை யோசியுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் சுவர் இடிப்பது போன்ற வேலைகளுக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை அனுமதி உண்டு, உங்கள் நேர்காணலும் அந்த நேரத்தில்தான் இருக்கும். மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் புதுப்பிப்பு அறிவிப்பைப் படித்துவிட்டு, தேவைப்பட்டால் உறவினர் வீட்டில் ஓர் அறையைக் கேட்டுவையுங்கள்.

ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்று கடைசியில் கேட்பார்கள். இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் இந்த வேலையில் இருப்பவர் எதை முடித்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கவனமாகக் கேட்டுக்கொண்டால் இரண்டாம் சுற்றுக்கு எந்தச் சம்பவத்தை எடுத்துப் போகலாம் என்பது தெரியும். திரும்பி வரும் ரயிலிலேயே அவர்கள் கேட்ட கேள்விகளைக் குறித்துவையுங்கள், வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிடும். மறுநாள் நான்கு வரி நன்றி மின்னஞ்சல் அனுப்புங்கள். பழகிப் பார்க்க வீட்டில் ஆள் இல்லையென்றால் ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் பெயர் தாங்கிய கட்டடத்தில் இருக்கும் தொழிற்சங்கக் காங்கிரஸான என்டியுசியின் இ2ஐ வேலைவாய்ப்பு நிலையத்துக்குப் போய் வேலை வழிகாட்டி ஒருவரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். ஈசூன் பக்கம் இருப்பவராக இருந்தால், என் சமையலறை மேசை இருக்கிறது.