பக்கத்துக் கட்டிலில் முதல் டயாலிசிஸ்

வேலூரில் எந்த டயாலிசிஸ் அறைக்குப் போனாலும், முதல் தடவை வந்திருப்பவரைப் பார்த்ததும் தெரிந்துவிடும். கழுத்தில் டயாலிசிஸ் குழாய் போட்ட புதுக் கட்டு இருக்கும். பார்வை மெஷினை விட்டு நகராது. அவரிடம் பேச நீங்கள்தான் சரியான ஆள்: அதே கட்டிலில் படுத்து, எழுந்து, வீட்டுக்குப் போய், மறுபடி வந்திருக்கிறீர்கள்.

மெஷினில் மாட்டுவதற்கு முன்பே, வெளியே காத்திருக்கும்போதே பேச்சுக் கொடுங்கள். ஐயா, அம்மா, அக்கா, பாய் என்று ஆளைப் பார்த்துக் கூப்பிடுங்கள். காட்பாடியில் ரயில் இறங்கி வந்த வங்காளிக் குடும்பமென்றால் தாதா (அண்ணா), தீதி (அக்கா). "முதல் தடவைங்களா? எனக்கு மூணு வருஷமா நடக்குதுங்க" என்பது போல ஒரே வரி போதும். பிறகு நிறுத்திவிடுங்கள். அவர் கேட்டால் மட்டும் மேலே சொல்லுங்கள். கேட்காவிட்டால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஆறுதல்தான்.

முதலில் அவர் பயப்படுவது, ரத்தம் குழாயில் ஓடுவதைப் பார்த்து. உடம்பு ரத்தம் முழுக்க வெளியே போய்விடுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒரு நேரத்தில் வெளியே இருப்பது 200 முதல் 250 மில்லி, ஒரு டம்ளர் அளவு; போனது சுற்றித் திரும்பி வருகிறது என்று சொல்லுங்கள். அடுத்தது அலாரம். குழாய் மடங்கினாலோ, அவர் கழுத்தைத் திருப்பிப் படுத்தாலோ கூட மெஷின் கத்தும். "கத்தினா சிஸ்டர் வந்து பாப்பாங்க, நீங்க அசையாம இருங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் குறையும். அவருடைய குழாயை நீங்கள் தொடவே கூடாது.

வழக்கமான டயாலிசிஸ் நாலு மணி நேரம். முதல் தடவை பெரும்பாலும் இரண்டு மணி நேரம்தான் விடுவார்கள். கழிவு வேகமாக இறங்கினால் தலைவலி, வாந்தி வரும் என்பதால்தான் அப்படி. இதைச் சொல்லாவிட்டால், "சீக்கிரம் எடுத்துட்டாங்களே, என் நிலைமை மோசமோ" என்று அவர் கலங்குவார். கெண்டைக்கால் பிடித்து இழுத்தாலோ, கண் இருட்டினாலோ, கொட்டாவி அடுக்கடுக்காக வந்தாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுப் பொறுத்துக்கொள்வதால்தான் பிரஷர் மடமடவென்று இறங்கி ஆளே மயங்கிவிடுகிறார்.

பேச்சு கெட்டுப்போவது பெரும்பாலும் நல்ல மனசால்தான். "உங்க கிரியேட்டினின் எவ்வளவு?" என்று ஆரம்பிக்காதீர்கள். ரத்தத்தில் கழிவு எவ்வளவு என்று காட்டும் அந்த அளவைக் கேட்பது, பரீட்சை மார்க் கேட்பது போல. "ரெண்டு தடவை பண்ணா சரியாயிடும்" என்றும் சொல்லாதீர்கள், "இனிமே ஆயுசுக்கும் இதுதான்" என்றும் சொல்லாதீர்கள். நம் பக்கத்தில் பாம்புக்கடியால் சிறுநீரகம் நின்று டயாலிசிஸுக்கு வருபவர்கள் உண்டு. அவர்களில் பலருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் திரும்பவும் வேலை செய்யும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் எந்த வகை என்று உங்களுக்குத் தெரியாது. இலைச்சாறு, வேர்க் கஷாயம் பற்றிப் பேசவே பேசாதீர்கள். இறந்துபோனவர்கள் கதையும் வேண்டாம்.

பத்தியத்தை முதல் நாளே கொட்டாதீர்கள். ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: இளநீர் கூடாது. நம்மூர் வெயிலுக்கு, பாசத்தோடு யாராவது வெட்டி வாங்கி வந்துவிடுவார்கள். அதிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்றச் சிறுநீரகத்தால் முடியாதபோது அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். தண்ணீர்க் கணக்கெல்லாம் அடுத்த வாரம். அப்போது, டாக்டர் சொன்ன அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்து, 50 மில்லி டம்ளரில் குடிக்கிற பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள். ஐஸ் கட்டியும் அந்தக் கணக்கில் சேரும். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தை விட்டால் தாகமே குறையும். உப்புதான் தண்ணீர் கேட்கிறது.

கூட வந்தவரை மறந்துவிடாதீர்கள். அவர் கவலை பணம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வாங்கலாம். ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு வேலூர்க்காரர்கள் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குப் போகவேண்டும். ஆற்காடு, வாலாஜா ஆட்கள் 2019-க்குப் பிறகு ராணிப்பேட்டை மாவட்டம். அவர்களை வேலூருக்கு அலையவிடாதீர்கள். இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று அறுவை 1971-ல் இதே வேலூர் சிஎம்சியில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) நடந்தது என்பதை, மாற்றுச் சிறுநீரகம் பற்றி அவரே கேட்கும் நாளில் சொல்லலாம்.

கழுத்துக் குழாயோடு வீட்டுக்குப் போகிறவரிடம் இரண்டு விஷயம்: கட்டு நனையக் கூடாது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த வசதியாக ரத்தக்குழாய்களை இணைப்பது) போடப்போகிறார்கள் என்று அவர் நடுங்கினால், பேச்சை விட்டுவிடுங்கள். கை கழுவிவிட்டு வரச் சொல்லி, அன்று ஊசி குத்தாத நேரத்தில், உங்கள் ஃபிஸ்டுலாமேல் இரண்டு விரலை லேசாக வைக்கச் சொல்லுங்கள். வைப்ரேட்டில் வைத்த செல்போன் மாதிரி அதிரும். இந்த அதிர்வைத்தான் தினமும் காலையில் தொட்டுப் பார்க்கணும், நின்னுபோனா அன்னிக்கே ஓடி வரணும் என்று சொல்லுங்கள். மொழி தெரியாத தாதாவுக்கும் இது புரியும்.