பழைய மிசினுக்கு நிப்பிள் தேடும்போது விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் ஒரு வாழைத் தோட்டக்காரர் கொட்டிலுக்குள் கிடந்த லிஸ்டர் டி என்ற பழைய பிரிட்டிஷ் நீரிறைக்கும் மிசினைத் துடைத்துப் பச்சைப் பெயின்ற் அடித்து வைத்திருந்தார். கிராங்க் பெட்டிக் கதவில் புதிதாய் ஒரு துளை போட்டு, கண்ணாடிக் குடுவை வைத்த பித்தளைச் சொட்டு ஒயிலர் ஒன்றையும் பூட்டியிருந்தார். வடிவாய்த்தான் இருந்தது. ஆனால் 1926இல் வந்த இந்த வகைக்கு அது தேவையே இல்லை. அடிப்பெட்டியில் நிற்கும் ஒயிலை, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கொன்றொட்டின் அடியிலுள்ள சின்னக் கரண்டி சுற்றுக்குச் சுற்று அள்ளி வீசும். சொட்டு ஒயிலர் பொதுவாக, கிராங்க் வெளியே தெரியச் சுற்றும் எஞ்சின்களின் சாமான். பழசு என்றாலே பித்தளையும் கண்ணாடியும் என்ற நினைப்புத்தான் அந்தத் துளைக்குக் காரணம்.

மிசினில் இருப்பதே ஒரிஜினல் என்று நம்புவதும் பிழை. யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் அகப்பட்டதைப் பூட்டித்தானே தோட்டம் இறைத்தோம்! சைக்கிள் அச்சின் ஒயில் மூடி வைத்த மிசினும் பார்த்திருக்கிறேன்.

கிரீஸ் ஏற்றும் சின்ன முனையான நிப்பிளின் தலையையும் பாருங்கள். முனையில் சின்னக் குண்டு வைத்த இன்றைய நிப்பிள், ஒஸ்கார் சேர்க் 1929இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வகை. 1910களின் எஞ்சினில் அது இருந்தால் யாரோ பிறகு மாற்றியது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் மூடியைத் திருகித் திருகிக் கிரீஸை உள்ளே தள்ளும் கிரீஸ் கப்தான்.

அதிகம் கெடுப்பது நிப்பிளின் திருகுப் புரி. பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களில் அடிக்கடி வருவது அரைக்கால் இஞ்சிக் குழாய்ப் புரி. பெயர்தான் அரைக்கால், வெளி விட்டம் 9.73 மில்லிமீற்றர், இஞ்சிக்கு 28 புரி. கடையில் கேட்டால் 10 மில்லிமீற்றர் நிப்பிளை நீட்டுவார்கள். அதன் புரி இடைவெளி 1 மில்லிமீற்றர், பழையதில் 0.907. ஒன்றிரண்டு சுற்று இறங்கி இறுகும். 'சரி, பிடித்துவிட்டது' என்று ஸ்பானரைப் போட்டால் வார்ப்பிரும்பின் புரி போச்சு. அமெரிக்க எஞ்சினில் அதே அரைக்காலுக்கு 27 புரி. அதனால் கடைக்குப் போகுமுன் புரி கேஜை வைத்து எண்ணுங்கள்.

அந்தச் சைக்கிள் மூடியை மாற்றச் சொல்லி உரியவர் கேட்டார். நான் கழற்றவில்லை.