ரத்தக் குழாய் மறக்காத சர்க்கரை: உங்கள் வரலாற்றை ஒரே தாளில் எழுதுவது எப்படி?

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் கடைசியாக எடுத்த ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுவருகிறார்கள். “எச்பிஏ1சி (சுமார் 3 மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைச் சதவீதத்தில் காட்டும் எண்) 6.8-க்கு வந்துவிட்டதே, அப்புறம் ஏன் விழித்திரையில் கசிவு என்கிறார்கள்?” என்று கேட்பவருக்கு அந்தத் தாளில் பதில் கிடைக்காது. அலமாரியில் கிடக்கும் பழைய ரிப்போர்ட்டுகளில்தான் கிடைக்கும். அவற்றையெல்லாம் தேடி எடுத்து ஒரே தாளில் எழுதச் சொல்வேன்.

காரணம் இதுதான். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் உடலின் பல செல்கள் அதை உள்ளே விடுவதைக் குறைத்துக்கொள்ளும். ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களுக்கு அது சரியாக முடியாது. வெளியே எவ்வளவு ஏறுகிறதோ அந்த அளவுக்கு உள்ளேயும் ஏறும். அந்த மிகைச் சர்க்கரையை எரிக்கும்போது செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. அவற்றின் விளைவு மரபணுக்களின் மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகள் வரை போகிறது. டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் நூல்கண்டில் நூல் சுற்றியதுபோல் இருக்கிறது. அந்தப் புரதங்களிலும் டிஎன்ஏவிலும் மெத்தில், அசெட்டில் போன்ற சிறு குறிகள் ஒட்டும், கழலும். டிஎன்ஏவில் உள்ள எழுத்து மாறாது, எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பது மாறும். எபிஜெனெடிக்ஸ் என்பது இதைப் பற்றிய படிப்பு.

2008-ல் அசாம் எல்-ஓஸ்டா என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வை நான் எல்லோருக்கும் சொல்வேன். மனித மகாதமனியின் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயின்) உட்சுவர் செல்களை 16 மணி நேரம் அதிகச் சர்க்கரையில் வைத்துவிட்டு, பிறகு சாதாரண அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அழற்சியைத் தூண்டும் பி65 என்ற மரபணுவின் அருகே ஒட்டிய குறி 6 நாள் கழித்தும் அப்படியே இருந்தது. அந்த மரபணுவும் அடங்கவில்லை.

மனிதர்களிடமும் இதன் சாயல் தெரிகிறது. டைப் 1 நீரிழிவு உள்ள 1,441 பேரை வைத்து 1983 முதல் 1993 வரை நடந்த டிசிசிடி ஆய்வில், தீவிர சிகிச்சை பெற்ற பிரிவின் எச்பிஏ1சி சுமார் 7, வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவுக்குச் சுமார் 9. ஆய்வு முடிந்தபின் சில ஆண்டுகளில் இரு பிரிவும் 8-ஐ ஒட்டி வந்துவிட்டன. ஆனாலும் முன்பு கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், இதயப் பாதிப்புகள் பல ஆண்டுகள் குறைவாகவே இருந்தன. ரமா நடராஜன் என்ற ஆய்வாளரின் குழுவினர் இவர்களின் வெள்ளணுக்களைப் பரிசோதித்தபோது, சில மெத்தில் குறிகளின் வேறுபாடு 16 ஆண்டுகளுக்குப் பிறகும் நீடித்தது தெரியவந்தது. டைப் 2-க்கு, பிரிட்டனின் யுகேபிடிஎஸ் தொடர் ஆய்வு 2008-ல் இதேபோன்ற நீண்ட பலனைக் காட்டியது. இந்தப் பலனுக்கு எபிஜெனெடிக்ஸ் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை ஒட்டிக் கெட்டிப்பட்ட புரதங்களுக்கும் பங்கு உண்டு.

சரி, தாளுக்கு வருவோம். மேலே நோய் கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு. டைப் 2 என்றால் அதற்கு முன்பே “பார்டர்” என்று சொல்லப்பட்ட பரிசோதனை ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். சர்க்கரை ஏறத் தொடங்கியது பெரும்பாலும் கண்டுபிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பாகத்தான் இருக்கும். அதன் கீழே தேதிவாரியாக எச்பிஏ1சி. அது சுமார் 3 மாதச் சராசரி என்பதால் ஒவ்வொரு எண்ணும் ஒரு காலத்தைக் குறிக்கிறது. ரிப்போர்ட் இல்லாத ஆண்டுகளை வெறுமையாகவே விடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். 8-க்கு மேல் உள்ளவற்றைச் சிவப்பில் வட்டமிடச் சொல்வேன். பக்கத்தில் ரத்த அழுத்தம், எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் சிறுநீர் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம், கண், பாதப் பரிசோதனைகள். புகைபிடித்த ஆண்டுகளையும் மறைக்காமல் எழுதுங்கள். புகையும் மெத்தில் குறிகளை மாற்றுகிறது. விட்டபின் பல குறிகள் சில ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

இனி படிக்கும் விதம். நோய் கண்டுபிடித்து ஓரிரு ஆண்டே ஆகியிருந்தால், தாளில் இன்னும் இடம் நிறைய இருக்கிறது. “கொஞ்ச நாள் பார்த்துவிட்டு மருந்து ஆரம்பிக்கலாம்” என்ற பேச்சை நான் கடுமையாகவே எதிர்ப்பேன். தொடக்க ஆண்டுகளின் கட்டுப்பாடு பிற்காலத்துக்கும் சேர்த்து வேலை செய்கிறது.

சிவப்பு வட்டங்கள் வரிசையாக இருந்து, இப்போதுதான் எண் இறங்கியிருக்கிறதா? கண், சிறுநீர்ப் பரிசோதனைகளை நிறுத்தவே கூடாது. அல்புமின் விகிதம் 30-ஐ (மி.கி/கிராம் கணக்கில்) தாண்டினால் பதறாமல் திரும்ப எடுங்கள். காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோ தற்காலிகமாக அதை ஏற்றும். மிக உயர்ந்த எச்பிஏ1சி-யை வேகமாக இறக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், திடீர் இறக்கத்தில் அது சில காலம் மோசமாகலாம்.

நீண்ட காலம் நோயோடு இருப்பவர்கள், இதயநோய் உள்ளவர்கள் பழையதை ஈடுகட்ட எண்ணி ஆவேசமாக இறக்க வேண்டாம். அக்கார்ட் என்ற பெரிய ஆய்வில் அப்படிப்பட்டவர்களுக்கு எச்பிஏ1சி 6-க்குக் கீழே என்று இலக்கு வைத்தபோது இறப்பு கூடியது. அந்தத் தீவிர சிகிச்சையை 2008-ல் நிறுத்திவிட்டார்கள். இவர்களுக்கு ரத்த அழுத்தத்திலும் எல்டிஎல்லிலும் கவனம் செலுத்துவது பெரிய பலன் தரும். இலக்கு எண்ணை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

“எபிஜெனெடிக் டெஸ்ட் எடுத்தால் தெரியுமா?” என்று இப்போது பலர் கேட்கிறார்கள். ரத்தக் குழாய்ப் பாதிப்பைச் சொல்ல வழக்கமான சிகிச்சையில் அப்படி ஒரு பரிசோதனை இல்லை. குறிகளைப் படிக்கும் புரதங்களைத் தடுக்கும் அபாபெட்டலோன் என்ற மருந்தும் பெரிய ஆய்வில் முதன்மை இலக்கை எட்டவில்லை. குறிகளை அழிப்பதாகச் சொல்லும் மாத்திரை, பொடி எதற்கும் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய ஆண்டுகளைப் பார்த்து அழுபவர்களும் உண்டு. குறிகளை ஒட்டும் நொதிகள் இருப்பதுபோல் கழற்றும் நொதிகளும் உடலில் இருக்கின்றன என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வேன். அப்புறம் தாளின் கடைசி வரியில் அடுத்த எச்பிஏ1சி, சிறுநீர், கண், பாதப் பரிசோதனைகளுக்கான தேதிகளை அவர்கள் கையாலேயே எழுதவைத்துத்தான் அனுப்புவேன்.