ட்ரைபொட்டில் நான் காசு கரைத்த இடங்கள்

போன ஞாயிறு விடியப்புறம் தலங்கமக் குளக்கரையில் நின்றேன். பக்கத்தில் ஒரு தம்பி புத்தம்புது ட்ரைபொட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். கால்களை விரித்தார். அடுத்த கணமே நடுத்தண்டைக் கடைசி மட்டும் உயர்த்தி, அதன் உச்சியில் ஸ்கோப்பை, அதாவது பறவை பார்க்கும் ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கியை, ஏற்றினார். குளத்தில் ஒரு தாமரைக்கோழி இலைக்கு இலை தாவிக்கொண்டிருந்தது. கண்ணை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "அண்ணா, இது நடுங்குதே. ஸ்கோப் பழுதோ?" என்று என்னிடம் கேட்டார்.

பழுது ஸ்கோப்பில் இல்லை. இதே கேள்வியை நானும் ஒருகாலத்தில் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

காலைப் பூட்ட மறப்பது, ஸ்கோப்பை ட்ரைபொட்டின் தலையில் பூட்டும் பிளேட்டை வீட்டில் விட்டுவிட்டு வருவது போன்றவற்றை நான் தொடப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். காசைத் தின்கிற தவறுகள் வேறு.

பெட்டியில் போட்டிருக்கும் உயரத்தை நம்புவது

என் முதல் ட்ரைபொட்டைப் புறக்கோட்டையில் வாங்கினேன். பெட்டியில் 170 சென்டிமீற்றர் என்று போட்டிருந்தது. நானும் 170. பத்துப் பொருத்தமும் சரி என்று காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரரும் தண்டை முழுதாக உயர்த்தித்தான் காட்டினார். பார்க்கக் கம்பீரமாக இருந்தது.

வீட்டில் அளவு நாடா வைத்துப் பார்த்தபோதுதான் கதை விளங்கியது. அந்த 170-இல் கால்கள் மட்டும் 130. தலை 10. மிச்சம் 30 சென்டிமீற்றரும் ஒற்றைக் கம்பி. மூன்று காலில் நிற்கிற சாமானுக்குக் காசு கொடுத்துவிட்டு, ஸ்கோப்பை ஒற்றைக் காலில் நிறுத்துகிறோம். கம்பி வெளியே நீட்டும் நீளம் இரண்டு மடங்கானால், அதே தள்ளுக்கு அது வளைவது எட்டு மடங்காகும். 15 சென்டிமீற்றரில் பொறுக்கக்கூடிய ஆட்டம் 30-இல் தலைவலி ஆவது இதனால்தான்.

ஸ்கோப் இந்த ஆட்டத்தைப் பெருக்கியும் காட்டும். 60 மடங்கு உருப்பெருக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ட்ரைபொட்டின் தலை ஒரு பாகையின் நூறில் ஒரு பங்கு அசைந்தால், கண்ணுக்கு அது 0.6 பாகையாகத் தெரியும். வானத்தில் முழு நிலாவின் அகலமே அரைப் பாகைதான். நிலா அளவுக்குப் படம் அங்குமிங்கும் ஆடினால் பறவையின் கால் நிறத்தை எப்படிப் பார்ப்பது?

இது தெரியாமல் அந்த ட்ரைபொட்டைத் தூக்கிக்கொண்டு மன்னார் பஸ் ஏறினேன். வங்காலையில் பூநாரைகள். அவற்றை ஆட்டத்திலும் அடையாளம் பிடிக்கலாம், ரோஸ் நிறக் கூட்டத்தை வேறு எதுவென்று சொல்வது? உப்புக்கொத்திகளில்தான் பிடிபட்டேன். மணல் உப்புக்கொத்தியில் சிறியதா பெரியதா என்று பிரிக்க அலகின் நீளத்தையும் காலின் நீளத்தையும் ஒப்பிட வேண்டும். காற்று வெட்டையில் வீசிக்கொண்டே இருந்தது. ஒரு மணித்தியாலம் முயன்றும் குறிப்புப் புத்தகத்தில் ஒரு கேள்விக்குறிதான் எழுத முடிந்தது. வேர்வை துடைக்க ஒரு நிமிடம் திரும்பினேன், பின்னால் 'தொப்' என்று ஒரு சத்தம். தண்டு உயர உயரப் பாரமும் மேலே போகும், தள்ளிவிட ஒரு காற்று போதும். கண்வில்லையின் வளையம் நசுங்கி, ஸூம் இறுகிவிட்டது. திருத்தக் கொடுத்த காசில் அந்த ட்ரைபொட்டை இரண்டு தடவை வாங்கியிருக்கலாம்.

அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா என்றால், இல்லை. ட்ரைபொட் பலவீனம் என்று முடிவு கட்டி, '8 கிலோ தாங்கும்' என்று போட்ட இன்னொன்றை வாங்கினேன். அந்தக் கிலோக் கணக்குக்குப் பொது அளவுகோல் எதுவும் இல்லை, ஒவ்வொரு கம்பனியும் தன் விருப்பப்படி போடுவது. உடையாமல் தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. புதியதிலும் தண்டை உயர்த்தினேன், அதுவும் ஆடியது. மூன்றாவதையும் வாங்கிய பிறகுதான் தவறு சாமானில் இல்லை, என் கையில் என்று உறைத்தது. இப்போதும் யாராவது தண்டைச் சுழற்றி உயர்த்துவதைக் கண்டால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

கணக்கு இதுதான். உங்கள் கண் உயரம் உங்கள் உயரத்தைவிட ஏறக்குறைய 12 சென்டிமீற்றர் குறைவு. அதிலிருந்து தலைக்கு ஒரு 10, பைனாகுலரோ ஸ்கோப்போ உட்காரும் உயரத்துக்கு ஒரு 8 கழியுங்கள். என் அளவில் வருவது 140. நின்று நேராகப் பார்க்க, தண்டை உயர்த்தாமல் கால்கள் மட்டுமே 140 வர வேண்டும். கண்வில்லை சரிவாக உள்ள ஸ்கோப் என்றால் குனிந்துதான் பார்ப்போம், 130 தாராளம். என்னுடையது நேர் ஸ்கோப். சரிவானதை வாங்கியிருந்தால் அந்த முதல் ட்ரைபொட்டே தண்டை உயர்த்தாமல் போதுமாக இருந்திருக்கும்.

இன்னும் மலிவான வழி ஒன்று உண்டு. உட்காருங்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தால் கண் 120 அளவில் வரும், கால்கள் 100 போதும். கடைசி மெல்லிய அடுக்கைப் பாதிகூடத் திறக்கத் தேவையில்லை. தலங்கமவில் அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையில் ஸ்டூல் ஒன்று கேட்டு வாங்கி வந்தார். பிறகு அரை மணித்தியாலம் அவர் வாயே திறக்கவில்லை.

சின்னதாக மடியும் என்று ஐந்து அடுக்குக் கால் வாங்குவது

அடுக்கு கூடக் கூட அடிக்கால் பென்சில் ஆகும். ஒரே தடிப்புச் சுவர் உள்ள குழாயில் 28 மில்லிமீற்றர் விட்டம், 22-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பு. மூன்று அடுக்கு நல்லது, நான்கு பரவாயில்லை. கடையில் கால்களை முழுதாக நீட்டி, விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, ஆட்டம் அடங்கும்வரை எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

வேட்டைக்காரர்களின் சாமான் பட்டியலை அப்படியே இறக்குவது

யூடியூபில் ட்ரைபொட் பற்றித் தேடினால் முதலில் வருகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்க வேட்டைக்காரர்கள்தான். அரிசோனாப் பக்கம் மான் தேடுகிறவர்கள் 15 மடங்கு பெரிதாக்கும் 15x56 பைனாகுலரை ட்ரைபொட்டில் பூட்டி, மணிக்கணக்காக மலைச்சரிவை அலசுகிறார்கள். அதே ட்ரைபொட்டில் துப்பாக்கியையும் பிடித்துச் சுடுவார்கள். அதற்காகத் தடித்த குழாய், துப்பாக்கியைக் கவ்வும் பிடி, பெரிய போல் ஹெட், அதாவது பந்துமூட்டில் எல்லாப் பக்கமும் திரும்பும் தலை. எங்கள் நாட்டில் 1937-ஆம் ஆண்டிலிருந்து வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நாங்கள் சுடுவது கமராவால் மட்டும். ஆகவே அந்தப் பட்டியலில் பாதிச் சாமான் எங்களுக்கு வேண்டாம்.

அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியது அவர்களின் பொறுமையை. பைனாகுலரை ஓட விடமாட்டார்கள். ஒரு கட்டத்தை நிறுத்திப் பார்த்து முடித்து, பாதிக் கட்டம் நகர்த்தி, மறுபடி நிறுத்திப் பார்ப்பார்கள். முத்துராஜவெலவில் நாணலுக்குள் நிற்கிற குருகை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். உங்கள் பைனாகுலரின் முன்பக்கம், இரண்டு குழாய்க்கும் நடுவில் ஒரு சின்ன மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பலவற்றில் அதைக் கழற்றினால் ட்ரைபொட் பிடிக்கான மரை இருக்கும். வருடக்கணக்காகப் பைனாகுலர் வைத்திருந்தும் அந்த மூடியைத் தொட்டுப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

இப்படி அலசுவதற்குப் போல் ஹெட் சரிவராது. தளர்த்தினால் ஸ்கோப் மூக்குக் குப்புற விழும், இறுக்கினால் குறி தப்பும். படம் எடுக்க நல்ல சாமான், அவ்வளவுதான். பார்ப்பதற்குக் கைப்பிடி வைத்த புளூயிட் ஹெட், அதாவது எண்ணெயில் வழுக்குவது போல் சீராகத் திரும்பும் தலை, வேண்டும். கையை எடுத்தாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டுமானால், ஸ்கோப்பை முன்னே பின்னே நகர்த்திப் பாரத்தைச் சமப்படுத்துங்கள். அதற்கு நீளமான பிளேட் வேண்டும்.

மரை

காட்டில் ஓடுகிற மரை இல்லை, போல்ட்டில் ஓடுகிற மரை. கமராவிலும் ஸ்கோப்பிலும் இருப்பது கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. தலைக்கும் காலுக்கும் நடுவில் பெரும்பாலும் எட்டில் மூன்று அங்குலம், 16 புரி. ஹார்ட்வெயார் கடையில் கேட்டால் 6 மில்லிமீற்றர் போல்ட் தருவார்கள். பார்க்க அதே மாதிரி இருக்கும், தொளதொளவென்று உள்ளேயும் போகும். ஸ்கோப்பின் பாரம் அதில் ஏறியதும் மரை தேய்ந்துவிடும். 'கால் அங்குலம், யூஎன்சி' என்று சொல்லிக் கேளுங்கள், யூஎன்சி என்பது அங்குலக் கணக்கு மரையில் ஒரு வகை.

யாலவுக்கு ட்ரைபொட் கொண்டுபோவது

வேண்டாம். குறித்த இடங்களைத் தவிர ஜீப்பை விட்டு இறங்க விடமாட்டார்கள். துணிப்பைக்குள் தானியம் நிரப்பி ஜீப்பின் விளிம்பில் வைத்து, அதன் மேல் ஸ்கோப்பைச் சாத்துங்கள். பயறு மட்டும் நிரப்பாதீர்கள். ஒரு மழையில் என்னுடையது முளைத்துவிட்டது.

பாரத்துக்குப் பையைத் தொங்கவிடுவது

அந்தரத்தில் தொங்கினால் அது ஊஞ்சல். பையின் அடி தரையைத் தொட வேண்டும்.

கடற்கரையிலிருந்து வந்து அப்படியே மூலையில் சாத்துவது

உப்பும் மணலும் பூட்டுக்குள் இருக்கும். அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவி, கால்களை நீட்டிக் காயவிடுங்கள்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று நினைப்பது

கொழும்பில் கலியாண வீடியோ எடுக்கிறவர்கள் சாமான் மாற்றும்போது பழைய வீடியோ ட்ரைபொட்டை விற்றுக் கழிப்பார்கள். தலை சுழலும்போது எண்ணெயில் வழுக்குவது போல் ஒரே சீராகப் போகிறதா, பூட்டினால் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்த விலைக்குப் புதிதில் அப்படியொரு தலை கிடைக்காது.

நான் இப்போது வைத்திருப்பது அதைவிடப் பழையது. நில அளவையாளர் ஒருவர் கழித்த மரக்கால் முக்காலி. நடுத்தண்டே கிடையாது, அதை உயர்த்தும் ஆசைக்கே இடமில்லை. அதன் மரை எட்டில் ஐந்து அங்குலம், 11 புரி. பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் எட்டில் மூன்றுக்கு மாற்றும் துண்டொன்றைக் கடைந்து தந்தார்கள். காற்றடித்தாலும் அசையாது. ஆறு கிலோப் பாரம், அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் முறைப்பார். அப்புறம் இன்னொரு தொல்லை. எந்தக் குளக்கரையில் விரித்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களா, தன் மதிலை உடைப்பார்களா என்று கேட்கிறார்.