வறண்ட நிலத்து வீட்டுத் தோட்டம்: மண்ணுக்கேற்ற செடியைத் தேர்ந்தெடுக்கும் முறை

நாற்றுப் பண்ணைக்குச் செல்பவர்கள் பலரும் இப்போது “நாட்டு மரமாகக் கொடுங்கள்” என்று கேட்கத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரிய மாற்றம். ஆயினும் நம் நாட்டுச் செடி என்பதும் வறட்சியைத் தாங்கும் செடி என்பதும் வெவ்வேறு தகுதிகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நீர்மருது நம் மண்ணின் மரமே. ஆனால் அது ஆற்றங்கரைக்கு உரியது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் மேட்டில் அதை நட்டால், ஆயுள் முழுவதும் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்க வேண்டியிருக்கும். மறுபுறம், சீமைக் கருவேலமும் காகிதப்பூவும் எந்த வெயிலையும் தாங்குகின்றன. இரண்டுமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அவற்றுள் முதலாவது நம் கண்மாய்களையும் தரிசுகளையும் எப்படி ஆக்கிரமித்தது என்பதை விளக்கத் தேவையில்லை. ஆகவே எந்தச் செடியைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும்: இது நம் நிலப்பகுதிக்கு உரியதா? என் வீட்டு மண்ணும் மழையும் இதற்குப் போதுமா?

மழையிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 920 மில்லிமீட்டர். இது குறைவான அளவன்று. ஆனால் அதில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. எனவே இங்கு வாழும் செடி மே மாத வெயிலை மட்டுமன்றி, கார்த்திகையில் நாள்கணக்கில் நிற்கும் ஈரத்தையும் தாங்க வேண்டும். பாலைவன நாடுகளிலிருந்து வந்து கடைகளில் அழகுக்காக விற்கப்படும் கள்ளி வகைகளும் சதைப்பற்றுள்ள செடிகளும் கோடையைக் கடந்துவிட்டு அடைமழையில் அழுகிப்போவதற்குக் காரணம் இதுதான். இந்த இரண்டு பருவங்களையும் தாங்கிப் பழகியவை நம் சமவெளிக் காடுகளின் செடிகளே.

அடுத்தது மண். எந்தச் செடியையும் வாங்குவதற்கு முன் தோட்டத்தில் ஓர் அடி நீள, அகல, ஆழத்தில் குழி தோண்டி, அதை நீரால் நிரப்பி வடிய விடுங்கள். மண் நன்றாக ஈரமேறியபின் மீண்டும் நிரப்பிக் கவனியுங்கள். சில நிமிடங்களில் வற்றினால் அது மணற்பாங்கான மண். இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்தால் பெரும்பாலான செடிகளுக்கு ஏற்றது. மறுநாள் காலையிலும் நீர் நின்றால் களியோ, அடியில் இறுகிய சுக்கான் (சுண்ணாம்புக் கல்) படிவமோ இருக்கிறது என்று பொருள். நகர்ப்புற மனைகளில் குழி தோண்டும்போது செங்கல் துண்டுகளும் சிமெண்ட் கட்டிகளும் வெளிப்படுவது வழக்கம். அத்தகைய கட்டட இடிபாட்டு மண்ணில் நடப்போகும் குழியை மட்டுமாவது மூன்றடி அளவுக்குத் தோண்டி, இடிபாட்டை அகற்றி, நல்ல மேல்மண் நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இதன்பின், ஊரைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். யாரும் தண்ணீர் ஊற்றாத கண்மாய்க்கரை, பழைய வேலி, இடுகாடு, கோயில் காடு ஆகிய இடங்களில் பல கோடைகளைக் கண்டு நிற்கும் மரங்களும் புதர்களும் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காட்டில் காசான், வீரை, பாலை, காட்டு எலுமிச்சை போன்ற மரங்கள் இன்றும் நெருக்கமாக நிற்கின்றன. கோடையிலும் இலை உதிர்க்காத, அடர்ந்த, பளபளப்பான பசுமை அவற்றுக்கு உண்டு. சோழமண்டலக் கடற்கரை நெடுக ஒருகாலத்தில் இருந்த உலர் பசுமைக் காட்டின் எச்சம் அது. அந்தப் பகுதியில் வீடு கட்டுபவர்கள் காசானைத் தோட்டத்தில் வைத்தால், நீல ஊதா நிறப் பூக்கள் கிளையோடு ஒட்டிப் பூக்கும் அழகுக்கு வேறு அலங்காரச் செடி தேவைப்படாது என்பது என் கருத்து.

மண்ணுக்கேற்ற மரங்களில் சிலவற்றைச் சொல்கிறேன். கரிசலுக்கு வேம்பும் வன்னியும் நாட்டுக் கருவேலமும் பொருந்தும். கோடையில் வெடித்து மழையில் குழைகிற மண் அது என்பதால், அங்கே மரக்கன்றைச் சற்று மேடாக்கி நட வேண்டும். சரளை கலந்த செம்மண்ணில் உசிலை, ஆத்தி, சரக்கொன்றை, விளா, மஞ்சணத்தி ஆகியவை நன்றாக வரும். கடலோர மணலிலும் ஓரளவு உப்பு ஏறிய கிணற்று நீரிலும் புன்னை, பூவரசு, புங்கம் ஆகிய மூன்றையும் நம்பலாம். இரண்டு சென்ட், மூன்று சென்ட் மனையில் வீட்டைக் கட்டிவிட்டு மிஞ்சிய இடத்தில் வேம்போ புங்கமோ வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. அவற்றுக்குச் சுவரிலிருந்து 15 அடியாவது இடைவெளி வேண்டும். குறுகிய இடத்துக்கு ஆத்தி, வில்வம், மெதுவாக வளரும் மகிழம் ஆகியவை போதும். ஆலையும் அரசையும் எக்காரணத்துக்கும் வீட்டருகே நடக்கூடாது.

மரத்தைவிடப் புதர்களில்தான் வீட்டுத் தோட்டத்துக்குத் தேர்வு அதிகம். வேலிக்கு நொச்சி, ஆடாதோடை, விராலி ஆகிய மூன்றையும் கலந்து வைத்தால் ஆடு மாடு மேயாது. வெட்ட வெட்டத் தழைக்கும். பூவுக்கு நந்தியாவட்டை, பவளமல்லி, வெட்சி, டிசம்பர் பூ ஆகியவை உண்டு. இவற்றுள் வெட்சிக்கும் டிசம்பர் பூவுக்கும் பிற்பகல் நிழல் வேண்டும். கொடிக்குச் சங்குப்பூ, முல்லை, தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை ஆகியவற்றுள் சமையலுக்கும் உதவுவதை முதலில் வையுங்கள். புல்தரைக்கு ஆசைப்படுபவர்கள் பொடுதலையைப் பரப்பிப் பார்க்கலாம். தரையோடு தவழ்ந்து, சிறு வெண்பூக்கள் பூத்து, மிதிபட்டாலும் மீண்டு எழும் செடி அது. கடையில் வாங்கும் புல்லுக்கு வேண்டிய நீரில் ஒரு பகுதியே அதற்குப் போதும்.

இவை எல்லாவற்றிலும் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஆவாரையைத்தான் சொல்வேன். நாற்பது டிகிரி வெயிலில் சரளைக்கல் மேட்டில் அது மஞ்சளாகப் பூத்து நிற்கும்போது அருகில் போய் நின்று பாருங்கள். கருநிறத் தச்சுத் தேனீ பூவைக் கால்களால் பற்றிக்கொண்டு உடலை அதிரவைக்கும். ரீங்காரம் சட்டென்று உயரும். மகரந்தப் பையின் நுனியிலுள்ள துளை வழியே பொடி உதிரும். இலையின் அடிப்புறத்தில் வெள்ளையன் வகைப் பட்டாம்பூச்சிகளின் பச்சைப் புழுக்கள் இருக்கும். அவை இலையைத் தின்பதைக் கண்டு பூச்சிமருந்து தெளித்துவிடாதீர்கள். செடி மீண்டும் துளிர்த்துவிடும். ஆவாரையின் ஆணிவேர் இடமாற்றத்தை எளிதில் பொறுக்காது என்பதால், நாற்று வாங்குவதைவிட விதையை நேரே மண்ணில் ஊன்றுவதே சிறந்தது. விதையின் மேலோடு கடினமானது. உப்புத்தாளில் மெல்லத் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு கூடும்.

நாற்றுப் பண்ணையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பெயர்க் குழப்பம். ‘கொன்றை’ என்று கேட்டால் பல மரங்களைக் கொடுப்பார்கள். அவற்றுள் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் வெளிநாட்டு இனம் நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளில் பரவிப் பெரும் தொல்லையாகி, அதை அகற்றும் பணி நடைபெற்று வருகிறது. சரக்கொன்றையின் இலையில் நான்கு முதல் எட்டு இணை அகன்ற சிற்றிலைகள் இருக்கும்; பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும். அந்த வெளிநாட்டு இனத்திலோ சிற்றிலைகள் சிறியவை, இணைகள் மிகுதி. பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். கன்றில் பூ இராது என்பதால் சிற்றிலைகளை எண்ணிப் பார்த்தே வாங்குங்கள். வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக்கன்றுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

இரண்டாவது, வேர். பை சிறியதாகவும் கன்று ஆறடி உயரமாகவும் இருந்தால் அதை வாங்காதீர்கள். பையின் அடியைத் தடவினாலே தெரியும்: வேர் வெளியேற வழியின்றிச் சுருண்டு, கயிற்றுச் சுருள்போல் இறுகியிருக்கும். அந்தச் சுருள் மண்ணுக்குள் போனபின்பும் தானாக நேராவதில்லை. ஆழத்து ஈரத்தைத் தேடி இறங்க வேண்டிய ஆணிவேர் இல்லாத மரம் வறட்சியிலும் வாடும், புயலிலும் சாயும். முழங்கால் அளவுள்ள, தண்டு உறுதியான கன்றே போதும்; இரண்டே ஆண்டுகளில் அது உயரமான கன்றை முந்திவிடும்.

குழியை ஆடி மாதத்திலேயே இரண்டடிக்குத் தோண்டி வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணும் மட்கிய எருவும் கலந்து நிரப்பி, புரட்டாசி இறுதியிலோ ஐப்பசியின் முதல் மழையிலோ நடுவது முறை. அப்போது நட்ட கன்றுக்குக் கோடைக்கு முன் மூன்று நான்கு மாதம் வேர்விடக் கிடைக்கும். கோடை மழையை நம்பிச் சித்திரையில் நடுவது கன்றை வதைப்பதாகும்.

வறட்சி தாங்கும் செடி என்று பெயர் பெற்றதாலேயே நட்ட நாள் முதல் அது தண்ணீர் இல்லாமல் வாழும் என்று எண்ணுவதுதான் பல தோட்டங்கள் காய்ந்துபோகக் காரணம். தாங்கும் ஆற்றல் ஆழமாக இறங்கிய வேரில் இருக்கிறது. அந்த வேர் உருவாக முதல் இரண்டு கோடைகள் நம் உதவி தேவை. ஆனால் தினமும் ஒரு குவளை தெளித்தால் மேல்மண் மட்டும் நனைந்து, வேரும் மேலேயே தங்கிவிடும். வாரம் ஒரு முறை, இரண்டு மூன்று குடம் நீரை மெதுவாக ஊற்றி ஆழமாக நனையுங்கள். பாத்தியைத் தண்டை ஒட்டி வைக்காமல், கிளைகளின் விளிம்புக்கு நேர்கீழே ஆண்டுதோறும் அகலப்படுத்துங்கள். காய்ந்த சருகை நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கப்படும். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும். நீர் மிகவும் தட்டுப்பாடான ஊர்களில், மெருகுப் பூச்சு பூசாத மண்பானையைக் கன்றுக்கு ஓரடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடி வைக்கும் முறை மிகச் சிறந்த பலன் தருகிறது.

மூன்றாம் கோடையில் நீர் ஊற்றும் இடைவெளியைப் பதினைந்து நாளாகவும், பின்பு மாதம் ஒரு முறையாகவும் நீட்டுங்கள். நண்பகலில் இலை துவள்வது இயல்பு. மறுநாள் விடியற்காலையிலும் துவண்டிருந்தால் மட்டும் ஊற்றுங்கள். இடையில் ஒரு கன்று பட்டுப்போனால், அதே இடத்தில் உடனே வேறொன்றை நட்டுவிடாமல், பிடுங்கி வேரைப் பாருங்கள். சுருண்டிருந்தால் நாற்றின் குறை. கறுத்து அழுகியிருந்தால் நீர் தேங்கியிருக்கிறது. நுனி காய்ந்து பையின் வடிவிலேயே நின்றுபோயிருந்தால் நீர் ஆழம்வரை சென்று சேரவில்லை. அதைச் சரிசெய்த பிறகு அடுத்த கன்றை வையுங்கள்.